எலிவால் கீல்: இரண்டு இடங்களில் வாங்கிப் பார்த்த பிறகு

பழைய சுவர் அலமாரி ஒன்றுக்கு ஒரே ஒரு கீல் வேண்டியிருந்தது. அதைத் தேடியதில் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. இரண்டு இடங்களில் பணம் கொடுத்து, இரண்டு விதமான கீல்களைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டேன். அமெரிக்காவுக்கு முதலில் வந்த ஜெர்மானியக் குடும்பங்களின் மரச்சாமான்களைச் செப்பனிட நினைப்பவர்கள் கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

அலமாரி, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்டியில் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் எடுத்தது. வால்நட் மரம், ஒற்றைக் கதவு, நான்கு அடிக்குச் சற்றுக் குறைவான உயரம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது என்று ஏலத்தில் சொன்னார்கள். முதுகுப் பலகையில் இழைப்புளி போன தடங்களைத் தடவிப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. கதவின் மேல் கீல் அப்படியே இருக்கிறது. கீழ்க் கீலை யாரோ எப்போதோ கழற்றி எறிந்துவிட்டு, திருகாணி போட்ட பித்தளைக் கீல் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். மேலே இருப்பது ஒரு விதமாகவும் கீழே இருப்பது வேறு விதமாகவும் சுழல்வதால் கதவு கோணிக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் அடிச்சட்டத்தை உரசியது.

மேலே இருப்பதற்கு எலிவால் கீல் என்று பெயர். பென்சில்வேனிய ஜெர்மானியர்களின் அலமாரிகளில் அடிக்கடி காணக்கூடியது. கதவில் ஒரு சிறிய இரும்புத் தகடு ஆணியடித்து நிற்கும். அதன் விளிம்பு குழலாகச் சுருண்டிருக்கும். அந்தக் குழல், சட்டத்தில் நிற்கும் ஒரு முளையின் மேல் உட்காரும். முளை அத்தோடு முடிந்துவிடாமல் கீழே நீண்டு, கதவைவிட்டு விலகி வளைந்து, மெலிந்து மெலிந்து வாலாகி, நுனியில் இலை போலத் தட்டையாக விரிந்து ஓர் ஆணியில் முடியும். பார்ப்பதற்கு வெறும் அலங்காரம் போலிருக்கும். ஆனால் கதவின் பாரம் முளையை முன்னால் சாய்க்கப் பார்க்கும்போது அதைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது அந்த வால்தான். வாலை வெட்டிவிட்டால் முளை சில வருடங்களில் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு: கதவை மேலே தூக்கினால் போதும், முளையிலிருந்து கழன்று கையோடு வந்துவிடும். திருகாணி தேவையில்லை, கருவி தேவையில்லை.

இயந்திர வரைபடம் வரைவது என் தொழில். எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். நுண்ணிய கனத்தை அளக்கும் வெர்னியர் காலிப்பரை வைத்து அந்தப் பழைய கீலை அளந்தேன். முளையின் அடியில் வால் தொடங்கும் இடத்தில் 8 மில்லிமீட்டர். நுனி இலையில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. இடைப்பட்ட ஐந்து அங்குலத்தில் அந்தக் கனம் எங்கும் படி வைத்து இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினால் எந்த இடத்தில் குறைந்தது என்று சொல்லவே முடியாது. இலையின் கழுத்தில் குறுக்காக மூன்று உளிக் கோடுகள். முதல் இரண்டும் நேர். மூன்றாவது இடப்பக்கம் கொஞ்சம் சறுக்கியிருக்கிறது. இரும்பு ஆறத் தொடங்கியிருக்கும், கொல்லர் அவசரப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த மூன்றாவது கோட்டைப் பார்த்த பிறகுதான் இந்தக் கீலுக்கு இணையான ஒன்றைத் தேடியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அஞ்சல்வழி விற்கும் ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பார்த்து வாங்கினேன். ஒரு ஜோடி 48 டாலர். ‘குடியேற்றக் காலத்து முறையில் கையால் அடித்தது’ என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். நான் கேட்டது வலப்பக்கக் கீல்; வந்தது இடப்பக்கம். வால் வளையும் திசை மாறிவிட்டால் இந்த வகைக் கீலைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்த வழியே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு மாற்றிக் கேட்டிருப்பேன். பொருளைக் கையில் எடுத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. தொடக்கம் முதல் நுனி வரை சீரான 3 மில்லிமீட்டர். எஃகுத் தகட்டிலிருந்து வாலையும் இலையையும் வெட்டியெடுத்து, முளையைத் தனியாக மின்பற்றவைப்பில் ஒட்டியிருக்கிறார்கள். மேலே பூராவும் சுத்தியல் தழும்புகள். இரண்டு கீல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் எந்த இடத்தில் குழி இருந்ததோ, மற்றதிலும் சரியாக அதே இடத்தில் குழி. அச்சில் அழுத்திய தழும்பு. அதன் மேல் கெட்டியான கறுப்புப் பெயின்ட்.

திருப்பி அனுப்பினேன். பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், தபால் செலவு என் கையிலிருந்து போனது. சாதாரண சமையலறை அலமாரிக்கு, பழைய தோற்றம் இருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு அது உழைக்கும், உடையாது. பழைய கீலுக்குக் கீழே அதைப் பொருத்துவது மட்டும் தகாது.

அதன் பிறகு அவசரப்படாமல், உண்மையான வேலைப்பாடு எப்படியிருக்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். லங்காஸ்டருக்குத் தெற்கே வில்லோ ஸ்ட்ரீட்டில் உள்ள ஹான்ஸ் ஹெர் வீடு 1719-இல் கட்டியது. மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தின் கல் வீடு. லங்காஸ்டருக்கு வடக்கே லாண்டிஸ் வேலி அருங்காட்சியகம் இருக்கிறது. ஹென்ரி, ஜார்ஜ் என்ற லாண்டிஸ் சகோதரர்கள் சேர்த்த சாமான்களோடு 1925-இல் தொடங்கியது. இரண்டையும் பார்க்க ஒரு நாள் போதும். ஆனால் இரும்பைப் பார்க்க வேண்டுமென்றால் டாயில்ஸ்டவுனில் இருக்கும் மெர்சர் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது. ஹென்ரி மெர்சர் என்ற தொல்லியல் அறிஞர் 1916-இல் கம்பி பாய்ச்சிய கான்கிரீட்டால் எழுப்பிய கோட்டை போன்ற கட்டடம் அது. 1897-இல் அவர் தன் கணப்படுப்புக்கு ஒரு பழைய இடுக்கி தேடிக் காயலான் சாமான் விற்பவரிடம் போயிருக்கிறார். அங்கே குவிந்து கிடந்த கைக்கருவிகளைப் பார்த்துத்தான் அவருக்குச் சேகரிக்கும் எண்ணமே பிறந்தது. ஒரு கீலுக்காக அலைந்த எனக்கு அந்தச் செய்தி மிகவும் நெருக்கமாக இருந்தது.

அங்கே என்னை நிறுத்திவைத்தவை கணப்புத் தகடுகள். அந்த ஜெர்மானியர்கள் வீட்டின் பெரிய அறையைத் திறந்த கணப்பால் சூடாக்கவில்லை. ஐந்து வார்ப்பிரும்புத் தகடுகளை ஒரு பெட்டி போலச் சேர்த்து, திறந்த பக்கத்தைச் சுவரோடு பொருத்திவிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை அடுப்பு. தணலை அங்கிருந்தே சுவரின் துளை வழியாகத் தள்ளுவார்கள். புகையும் அதே துளை வழியாகத் திரும்பிச் சமையலறைப் புகைபோக்கிக்குப் போய்விடும். அறையில் இருப்பவர்களுக்கு நெருப்பும் தெரியாது, சாம்பலும் தெரியாது. இளஞ்சூடான இரும்புப் பெட்டி மட்டும் தெரியும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1744-இல் தன் புதிய கணப்பைப் பற்றி எழுதிய சிறுநூலில் இந்த ஜெர்மானியக் கணப்பையும் எடுத்துக்கொள்கிறார்; மாறாத ஒரே காற்றை எல்லோரும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது என்று குறை சொல்கிறார். சூடு மட்டும் நன்றாகவே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பழக்கத்தை அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

நெருப்பு தெரியாத அந்தப் பெட்டியின் பக்கங்களில்தான் படங்கள். இதயங்கள், டியூலிப் மலர்கள், முறுக்குத் தூண்கள், வேதாகமக் காட்சிகள். 1741 என்று ஆண்டு பொறித்த ஒரு தகட்டில் காயீன் ஆபேலைக் கொல்கிறான். அதில் சகோதரன் என்ற ஜெர்மன் சொல் ‘புரூட்டர்’ என்றும், ஆபேல் ‘ஆவெல்’ என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அச்சைச் செதுக்கியவர் தன் ஊர்ப் பேச்சில் கேட்டபடியே எழுத்துக் கூட்டியிருக்கிறார். மரப்பலகையில் உருவங்களைச் செதுக்கி, அதை ஈர மணலில் அழுத்தி எடுத்து, பதிந்த குழியில் உருகிய இரும்பை விடுவார்கள். மரச் செதுக்கலின் உளித்தடம்கூடச் சில இடங்களில் இரும்பில் தெரிகிறது. மெர்சர் 1914-இல் இந்தத் தகடுகளைப் பற்றி ஒரு நூல் முழுக்க எழுதியிருக்கிறார். அதன் பெயரே ‘இரும்பில் வேதாகமம்’ என்ற பொருள் தருவது.

இந்த மக்கள் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1683-இல் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து 13 குடும்பங்கள் வந்து பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுனில் குடியேறின. அடுத்த நூற்றாண்டில் ரைன் ஆற்றங்கரைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாமல், வந்து இறங்கிய பிறகு பல வருடம் ஒப்பந்த வேலை செய்து கடனைக் கழித்தவர்கள் அவர்களில் ஏராளம். கையில் கொண்டுவந்தது பெரும்பாலும் இரும்புப் பட்டை போட்ட ஒரு மரப்பெட்டி. அப்படி வந்தவர்கள் இரண்டாவது தலைமுறையில் கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் அகப்பைக் காம்புக்கும் இவ்வளவு செலவழித்து அலங்காரம் செய்துகொண்டார்கள். அவர்கள் சரக்கு ஏற்றிய கோனஸ்டோகா என்ற பெரிய பாரவண்டிகளின் கருவிப்பெட்டியைப் பாருங்கள்: மூடியின் கீலும் கொண்டியும் டியூலிப்பாகவும் இதயமாகவும் விரிந்திருக்கும். சேறு தெறிக்கும் வண்டிப்பெட்டிக்கு அது!

தகடுகளைப் பார்த்துவிட்டு, கீல்கள் தொங்கும் பக்கம் வந்து நின்றபோதுதான் என் அலமாரிக்கு வந்த அந்தப் பட்டியல் சரக்கு ஏன் என்னை அவ்வளவு உறுத்தியது என்று புரிந்தது. கணப்புத் தகடு வார்ப்பு வேலை. ஒரே மர அச்சிலிருந்து பத்துத் தகடு எடுத்தாலும் பத்தும் நேர்மையான வேலைதான். அதன் இயல்பே அது. கீல் அடிப்பு வேலை. சூடு ஏற்றி, பட்டடையில் வைத்து, அடித்து நீட்டி, ஆறுவதற்குள் வளைத்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் நடக்கும். ஆட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் சுருளும் பெரிய கதவுக் கீல்களில் இடக்கொம்பும் வலக்கொம்பும் ஒரு மயிரிழையாவது வேறுபட்டிருக்கும். அச்சில் அழுத்திய தழும்பு, அடிப்பு வேலையை வார்ப்பு வேலையாக்கிவிட்டு அதை மறைக்கப் பார்க்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். கறுப்புப் பெயின்ட் பழைய வழக்கம் இல்லை. வீட்டுக்குள் இருந்த நல்ல கீல்கள் பலவற்றுக்கு வெள்ளீயம் பூசியிருந்தார்கள். துருப்பிடிக்காமல் காப்பதோடு, சிவப்பு அல்லது நீலம் பூசிய மரத்தின் மேல் அது பளிச்சென்று வெள்ளியைப் போல மின்னியிருக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் என் கீலின் தகட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆணித்தலையின் ஓரத்தில், அழுக்குக்கு அடியில், சாம்பல் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். அத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது வாங்கியது ஒரு தனிப் பட்டறையில். ஒருவரே நடத்துகிறார், கூட ஓர் உதவியாளர். விளம்பரம் கிடையாது; ஒரு மரவேலைக்காரர் சொல்லித்தான் போனேன். ஒரு கீலுக்கு 165 டாலர் என்றார். எட்டு வாரம் என்று சொல்லிப் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டார். பழைய கீலைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். நான் தயங்கினேன். “படத்தைப் பார்த்து அடித்தால் படம்தான் வரும். அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் வாலின் நடுவில் இரண்டு விரலை வைத்து அப்படியே நுனி வரைக்கும் இழுத்தார். நான் கட்டைவிரலால் செய்த அதே காரியம். அந்த நிமிடமே இவரிடம் விடலாம் என்று தோன்றிவிட்டது.

இரும்பைப் பற்றி அவர் சொன்னது முக்கியம். அந்தக் காலக் கீல்கள் தேனிரும்பில் செய்தவை. கரியுலையில் எடுத்து, பெரிய சம்மட்டியில் திரும்பத் திரும்ப அடித்த இரும்பு அது. உள்ளே கசடு நார் நாராக ஓடும். பாதி வெட்டி வளைத்தால், கரும்பை முறித்தது போல நார் பிரிந்து நிற்கும்.  இன்று தேனிரும்பைப் புதிதாக யாரும் வியாபாரத்துக்கு உருக்குவதில்லை. அவர் பழைய பாரவண்டிச் சக்கரப் பட்டைகளை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார். என் கீல் அதில் ஒரு துண்டு. நார் ஓடும் திசையிலேயே அடித்து நீட்ட வேண்டும், சூடு குறைந்துவிட்டால் நார் பிரிந்து வெடித்துவிடும், ஆகவே எஃகைவிடக் கூடுதல் சூட்டில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். முதல் முயற்சி இலையின் கழுத்தில் வெடித்துவிட்டதாம். அந்த உடைந்த துண்டையும் எடுத்துக் காட்டினார். மூன்று வாரத் தாமதத்துக்குக் காரணம் அதுதான் என்பதால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இடையில் ஒரு தகவல் சொல்லியிருக்கலாம். நானாக இரண்டு முறை தொலைபேசியில் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

கீல் எப்படியிருக்கிறது? வால் அருமை. தொடக்கத்தில் 8 மில்லிமீட்டர், நுனியில் 2. நடுவில் எங்கும் படி இல்லை. விரலுக்குப் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. இலையின் வடிவத்தில் கொஞ்சம் குறை சொல்லுவேன்: பழைய இலை ஒடுங்கிக் கூராக முடிகிறது, இவருடையது தோள் பகுதியில் சற்று அகலம். குழலின் துளை இறுக்கமாக இருந்ததால் கதவு முதல் நாள் முளையில் இறங்கவே இல்லை. அவரே நேரில் வந்து அரத்தால் இரண்டு நிமிடம் தேய்த்துக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. வெள்ளீயப் பூச்சு ஓரங்களில் திட்டுத் திட்டாக இருக்கிறது. துணியால் துடைத்துப் பூசுவதால் அப்படித்தான் வரும் என்றார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை; மாதக் கணக்கில் கைபட்டால் சமமாகிவிடும்.

உளிக் கோடுகளை என்ன செய்வது என்று கேட்டார். மூன்றாவது கோட்டை அதே போலச் சறுக்கவிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மூன்றையும் அவர் போக்கிலேயே போட்டார். மூன்றும் நேராக வந்திருக்கின்றன.

பொருத்துவது என் வேலை. பட்டறையிலிருந்தே கையால் அடித்த, தலை ரோஜா மொட்டு போல முகம் முகமாக இருக்கும் ஆணிகள் ஆறு கொடுத்தார். ஓர் ஆணியின் விலை இரண்டு டாலர். ஆணித்தலைக்கும் தகட்டுக்கும் நடுவே சிறிய தோல் வட்டம் வைக்க வேண்டும்; பழைய கீலிலும் அப்படித்தான் இருக்கிறது. மரம் சுருங்கி விரியும்போது ஆணி ஆடிப்போகாமல் அது தாங்கிக்கொள்ளும். ஆணி கதவின் உள்பக்கம் வெளியே வந்ததும் முனையை வளைத்து மரத்துக்குள் திரும்ப அடித்துவிட வேண்டும். பித்தளைக் கீலின் பழைய திருகாணித் துளைகளை வால்நட் முளைக்குச்சி வைத்து அடைத்தேன். இப்போது கதவு உரசவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கதவுக்கு எதிரே நின்று பார்க்கும்போது கீல் எந்தப் பக்கம் வருகிறது என்பதை எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். வாலின் கனம் நுனியில் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் ‘ஒரே சீர்’ என்றால் அது தகட்டில் வெட்டியது. கறுப்புப் பெயின்ட் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். விலையைப் பொறுத்தவரை, ஒரு கீலுக்கு 165 டாலர் என்பது என் வருமானத்தில் யோசித்துச் செய்ய வேண்டிய செலவுதான். அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு ஜோடியே கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் நான் மறுபடி அந்தப் பட்டறைக்கே போவேன். சாவித்துளைத் தகடு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வசந்தத்துக்குப் பிறகுதான் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள் வைத்தேன். கதவுத் தகட்டின் பின்புறம், மரத்தோடு ஒட்டி யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அவர் தன் பட்டறை முத்திரையை வழக்கமாகப் பொறிப்பார். அதன் பக்கத்தில் செய்த ஆண்டையும் பொறித்துத் தரச் சொன்னேன். நாளைக்கு இந்த அலமாரி இன்னோர் ஏலத்துக்குப் போனால், வாங்குபவர் கீழ்க் கீலைக் கழற்றிப் பார்த்து அது எந்த வருடத்து வேலை என்று தெரிந்துகொள்ளட்டும்.